சும்மா நின்ற சிப்பாய்

புதன்கிழமை, மார்ச் 29

அன்புள்ள பெரிசாத்துக்கு,

பார்க்கத் தெரிந்த மூன்று பேர் ஒரே குடும்பத்தில் இருந்தும், பார்க்க வேண்டிய ஒன்றை மூன்று பேரும் பார்க்காமல் விட்டது எப்படி? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. நலம் விசாரிக்காமல் கேள்வியோடு ஆரம்பிக்கிறாளே என்று நினைக்காதே, நானும் உன் அப்பாவும் அவரவர் இரத்த அழுத்த மாத்திரையோடு நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் நோவோசிபிர்ஸ்க் குளிரில் அந்த மெல்லிய கோட்டைப் போட்டுக்கொண்டு திரியாமல், இருமல் விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே பனி உருகி முற்றம் முழுக்கச் சேறு. பால் தொழிற்சாலையில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு வழியாகப் புதுக் குளிர்பெட்டி வந்தது, வந்த அன்றே கதவு சரியாக மூடவில்லை. பக்கத்து வீட்டு நுர்ஜமாலின் மகன் வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் ரயில் ஏறுகிறான், அவனிடம் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்புகிறேன், காய்ந்த தயிர் உருண்டை, பாதாமி ஜாம், கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி, அடியில் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போன் இருப்பது உன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில். அதோடு போனில் நான் கோபப்பட்டால் நீ 'சரிம்மா, சரிம்மா' என்பாய், அந்தச் சரிம்மாவைக் கேட்கும் நிலையில் நான் இல்லை.

ஆமாம், கோபம்தான். உன் மேல், உன் அப்பா மேல், சபீரா அத்தை மேல், எல்லோருக்கும் மேலாக என் மேல். உனக்குத் தெரிந்த விஷயங்களையும் முதலிலிருந்து சொல்லப்போகிறேன், ஏனென்றால் தெரிந்த விஷயத்தைத்தான் நாம் எல்லோரும் மறந்திருக்கிறோம்.

இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டில் வேலை எப்படி நடந்தது? உன் அப்பா சதுரங்கப் புதிர் செய்வார், இத்தனை நகர்த்தலில் ராஜாவை மடக்கு என்கிற மேட் புதிர். சமையலறை ஜன்னல் விளிம்பில் பலகையை வைத்துக்கொண்டு, தேநீர் ஆறிப்போகும் வரை காய்களை நகர்த்தி நகர்த்தி, கடைசியில் 'அனார், வா' என்று கூப்பிடுவார். நான் என் கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு போவேன். அவர் விடையைச் சொல்வார், நான் அந்த விடையைப் பார்க்கவே மாட்டேன், அது சரியாகத்தான் இருக்கும், அதைச் செய்தவர் அவர். நான் பார்ப்பது மீதி எல்லாவற்றையும். வெள்ளையின் ஒவ்வொரு காய், அது போகக்கூடிய ஒவ்வொரு கட்டம், கறுப்பு எப்படித் தப்பும், தப்பினால் ஒரு டிக். எல்லா வரியிலும் டிக் விழுந்தால்தான் புதிர் புதிர், ஒரு வரியில் விழாவிட்டால் அதற்கு இரண்டு விடை, இரண்டு விடை உள்ள புதிர் ஓட்டைப் புதிர். எனக்குச் சதுரங்கம் ஆடப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். ஆனால் வேதியியல் படித்தவளுக்கு ஒன்று தெரியும், மாதிரியில் இருப்பதைக் கண்டுபிடிப்பது சுலபம், வேறொன்றும் இல்லை என்று சொல்வதற்குத்தான் நாள் முழுக்க வேண்டும். மாவட்டச் செய்தித்தாளில் முப்பது வருடமாக உன் அப்பா பெயரில் புதிர் வருகிறது, அதில் இருபத்திரண்டு வருடம் ஒரு ஓட்டை கிடையாது என்று அவர் மார்தட்டுகிறார். கிடையாதுதான். ஓட்டைகளெல்லாம் சமையலறையிலேயே பிடிபட்டுப்போயின.

இப்போது ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு வருகிறேன். வருடா வருடம் வசந்த விடுமுறையில் குழந்தைகளுக்கு நடப்பதுதான், ஆறு புதிர், இரண்டு மணி நேரம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண், முதல் இரண்டு பேர் தலைநகர் பிஷ்கேக் போவார்கள், அங்கே ஜெயிப்பவர்களுக்கு விடுதியோடு கூடிய கணிதப் பள்ளியில் இடம். வயது பதின்மூன்றைத் தாண்டக் கூடாது. புதிர் செய்பவரும் உன் அப்பாதான், திருத்துபவரும் அவர்தான். நான்காவது புதிர் அவருடைய செல்லம். உனக்கு நினைவிருக்கும், நீதானே 'சோதித்தாய்'. கறுப்பு ராஜா தன்னந்தனியாக ஏ7இல். வெள்ளை ராஜா சி6, அதற்கு முன்னால் சி7இல் கடைசிப் படியில் ஏறக் காத்திருக்கும் சிப்பாய். இரண்டு நகர்த்தலில் மேட். அவசரப்படும் குழந்தை சிப்பாயை ஏற்றி ராணி ஆக்கும், கறுப்புக்குச் செக்கும் இல்லை நகர இடமும் இல்லை, ஆட்டம் டிரா. யோசிக்கும் குழந்தை ராணியை வேண்டாம் என்று யானை ஆக்கும், கறுப்பு ராஜாவுக்கு ஏ6 என்ற ஒரே கட்டம் மிஞ்சும், யானை ஏ8க்கு வந்ததும் மேட். அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பழைய சரக்கு, எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இருப்பது, அதனால் குழந்தைகளைக் குழப்ப ஒரு வெள்ளைக் குதிரையை டி4இல் கொண்டுவந்து நிறுத்தினார். சும்மா. வேலை எதுவும் இல்லாமல். நல்ல புதிரில் சும்மா நிற்கிற காயே இருக்காது என்று மாதம் ஒரு முறையாவது செய்தித்தாளில் எழுதுகிற மனிதர்! நான் அதைச் சொன்னேன். 'குழந்தைங்களுக்குத்தானே அனார், கொஞ்சம் வேஷம் கட்டணும்' என்றார். சரி என்று நோட்டை எடுத்து, குதிரையோடு முழுவதையும் பார்த்து, எல்லா வரியிலும் டிக் போட்டு, தேதியும் எழுதினேன். மார்ச் பதினொன்று. அதுவரை ஓட்டை இல்லை.

அதன்பிறகு, நான் வேலைக்குப் போயிருந்தபோது, பி4இல் ஒரு சிப்பாயை வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், 'குதிரை மட்டும் தனியா நின்னா சந்தேகம் வரும், ரெண்டு காய் சும்மா நின்னா எது எதுக்குன்னு தேடிக்கிட்டே இருப்பாங்க.' வைத்துவிட்டு என்னைக் கூப்பிடவில்லை. உனக்குப் போன் போட்டார். நீ கணினியில் தட்டினாய், ஒரு நொடியில், 'அப்பா, இரண்டில் மேட், யானைதான், நீங்க சொன்னதேதான்' என்றாய். அப்புறம் என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, சிரித்துக்கொண்டே, 'அம்மா, இனிமே அந்த நோட்டை மூடி வெச்சுடலாம்' என்றாய். எனக்கு உறைத்தது. மூடி வைத்தேன். அன்று வெறும் சிப்பாய்தானே, கணினியே பார்த்துவிட்டதே என்று நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்ததற்கு அந்தச் சிரிப்புதான் காரணம் என்று சொல்லி உன் தலையில் கட்டிவிடலாம். ஆனால் நாற்பத்தெட்டு வயதில் மகள் சிரித்தாள் என்று வேலையை விடுகிற ஆள் நான் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அதனால்தான் பதில் தெரியவில்லை என்கிறேன்.

உன் கணினி பொய் சொல்லவில்லை. அதனிடம் நீ கேட்டது, மேட் இருக்கிறதா என்று. இருக்கிறது என்று ஒரு வழியைக் காட்டியது, காட்டியதும் நீ எழுந்துவிட்டாய். வேறு வழி இருக்கிறதா என்று நீ கேட்கவே இல்லை. அதைக் கேட்பது மட்டும்தான் சோதனை, பெரிசாத், மற்றதெல்லாம் வேடிக்கை பார்ப்பது. இத்தனை படித்து, கணினிகளோடே வேலை செய்து, இந்த ஒன்றை உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்றால் அந்தச் சம்பளத்தை எதற்குக் கொடுக்கிறார்களோ.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொரு குழந்தைகள். நான் வழக்கம்போலத் தேநீர் ஊற்றி, எண்ணெயில் பொரித்த பூர்சோக் தட்டை நிரப்பிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது குழந்தைகள் நான்காவதில் முதல் நகர்த்தலிலேயே ராணி ஆக்கி வலையில் விழுந்தார்கள், உன் அப்பாவுக்கு ஒரே குஷி, சிவப்புப் பேனாவால் சரக் சரக்கென்று பூஜ்ஜியம் போட்டுக்கொண்டே போனார். முடிவை வாசித்தார்கள். ஒரு வங்கிக்காரர் மகன் இருபத்தெட்டு, உன் அத்தை மகன் பெக்தூர் இருபத்தேழு, அக்-பெல் ஊரிலிருந்து வந்த சிர்கா என்கிற பெண் இருபத்தைந்து. சபீரா அத்தை அங்கேயே அழுது, பெக்தூரின் தலையை முகர்ந்து, எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். அந்தச் சிர்கா, பதின்மூன்று வயது, முழங்கால்வரை சேறான பூட்ஸ், நேராக உன் அப்பாவிடம் வந்து நின்று, வாத்தியாரைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள். 'அகாய், நாலாவதுல என்ன தப்பு?' 'ராணி ஆக்கினியா?' 'ஆமா அகாய், ஆனா...' 'ஆனா என்ன ஆனா, அங்கதாம்மா வலையே. ராணி ஆக்கினா டிரா. வீட்டுக்குப் போய்ப் பலகையில வெச்சுப் பாரு.' 'எங்க வீட்டுல பலகை இல்ல அகாய், தலைக்குள்ளதான் வெச்சுப் பார்த்தேன்.' பக்கத்தில் நின்ற ஒரு அப்பன், 'தலைக்குள்ள ஒரு கட்டம் குறைஞ்சிருக்கும், எண்ணிப் பாரு' என்றான், எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். அதை நான் மறக்கமாட்டேன்.

அவள் அழவில்லை. தாளை எட்டாக மடித்துப் பூட்ஸுக்குள் செருகினாள். நான் போய், காட்டு என்றேன். 'பாருங்க எஜே, ஆனா திருப்பிக் குடுத்துடுங்க, பின்பக்கம் வெள்ளையா இருக்கு, எழுதிக்கலாம்' என்று என்னை அக்கா முறையில் கூப்பிட்டுச் சொன்னாள். மற்ற ஐந்துக்கும் முழு மதிப்பெண். நான்காவதில் பென்சிலால் இரண்டு வரி, அதன் மேல் சிவப்புப் பூஜ்ஜியம். குதிரை பி5, செக். ராஜா ஏ6 போனாலும் ஏ8 போனாலும் சிப்பாய் ராணி, மேட். நான் அதைத் தேநீர்ப் பொட்டலத்தின் மேல் எழுதிக்கொண்டேன். அவள் அம்மா வாசலில் தலைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேனுக்கு அவசரப்படுத்தினாள், ஆட்டு மந்தைக்காரர்கள். 'அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்று யாரோ ஆறுதல் சொன்னதற்கு அவள் சொன்னாள், 'அடுத்த வருஷம் இவளுக்குப் பதினாலு. ஜூன்ல நாங்க மேய்ச்சலுக்கு மேல போயிடுவோம். இது இந்த ஒரு தடவைதான்.' குறை சொல்லும் குரலில் இல்லை, வேன் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் பலகையில் வைத்தேன். நான்கு நிமிடம், பெரிசாத். குதிரை பி5க்கு வந்து செக் கொடுக்கிறது. ராஜா ஏ8க்குப் போனால் சிப்பாய் ராணியாகி மேட், ஏ7ஐக் குதிரை பார்த்துக்கொள்கிறது. ராஜா ஏ6க்குப் போனாலும் ராணியாகி மேட், ஏனென்றால் தப்பிக்க இருந்த ஒரே கட்டம் ஏ5, அந்த ஏ5ஐ பி4 சிப்பாய் காவல் காக்கிறது. அந்தச் சிப்பாய் இல்லாவிட்டால் ராஜா ஏ5க்கு ஓடிவிடும், என் மார்ச் பதினொன்றாம் தேதி நோட்டில் அந்த வரிக்கு எதிரே டிக் இருக்கிறது, 'ஏ5இல் தப்புகிறது' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. வேஷம் கட்ட நிறுத்திய காய்தான் ஓட்டை போட்டது. அந்தப் பெண்ணின் விடை சரி. உன் அப்பா அதைப் படிக்கவே இல்லை. ராணி என்ற சொல்லைப் பார்த்தார், சிவப்புப் பேனா தானாக நகர்ந்தது, ராணியைப் பிடிக்கத்தானே வலை விரித்திருந்தார்.

திங்கட்கிழமை காலை அவர் தேநீருக்கு முன்னால் பலகையை வைத்து, 'இதைப் பாருங்கள்' என்றேன். பார்த்தார். குதிரையைத் தானே நகர்த்தினார், திருப்பி வைத்தார், மறுபடி நகர்த்தினார், ஏ5இல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், காது இரண்டும் சிவந்துவிட்டன. நான் அவருக்காக வருத்தப்படத் தொடங்கியிருந்தேன், அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னார். 'அனார், யாரும் கவனிக்கலையே.' யாரும் கவனிக்கவில்லையா? ஒருத்தி கவனித்தாள், நீங்கள் அவளுக்குப் பூஜ்ஜியம் போட்டீர்கள் என்றேன். முடிவு அறிவித்தாயிற்று என்றார். இரண்டு விடை இருந்தால் இரண்டுக்கும் முழு மதிப்பெண் என்று உங்கள் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது, அவளுக்கு முப்பதுக்கு முப்பது, முதலிடம் என்றேன். 'பேப்பர்ல போடணும். முப்பது வருஷம் கழிச்சு என் பேரை ஓட்டைன்னு போடணும். இதுதானே உனக்கு வேணும்?' என்று கத்தினார். எனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை என்றால் இருபத்தாறு வருடம் யாரோடு குடித்தனம் செய்தேன் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சபீரா வந்தாள், கையில் ஒரு பாத்திரம் நிறைய இறைச்சி, வாயில் நெருப்பு. அவளுக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரியாதா, அண்ணனும் தங்கையும் போன் போட்டுக்கொள்ளாத நாள் உண்டா. 'அண்ணி, சொந்த நாத்தனார் பிள்ளைய இறக்கிவிட்டுட்டு எவனோ ஆட்டுக்காரன் பொண்ணை ஏத்திவிடப் போறீங்களாமே? அவன் யானையைக் கண்டுபிடிச்சானா இல்லையா? அது தப்பா?' தப்பில்லை என்றேன். 'அப்புறம் என்ன?' அவன் விடையும் சரி, அவள் விடையும் சரி, கூட்டினால் அவளுக்கு அதிகம், அவ்வளவுதான் என்றேன். 'அவ்வளவுதானா! ஊரெல்லாம் சொல்லியாச்சு, பெட்டி கட்டியாச்சு, அவங்கப்பன் ரெண்டு செம்மறி வெட்டறேன்னு நேந்துக்கிட்டான். உங்களுக்கு மனுஷங்க வேணாம் அண்ணி, கோடு போட்ட நோட்டுதான் வேணும். இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து எங்க எல்லாரையும் பால் கேன் மாதிரி மூடியத் திறந்து மோந்து பாத்துக்கிட்டே இருக்கீங்க.'  இதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் கெட்டுப்போன பாலை உறவுக்காரருடையது என்று வாங்கிக்கொள்ளும் ஆய்வுக்கூடத்தில் நான் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. அவள் பாத்திரத்தை வைத்துவிட்டுத்தான் போனாள், இறைச்சி நன்றாகத்தான் இருந்தது, நானும் உன் அப்பாவும் சாப்பிட்டோம்.

நேற்று இரவு உன் அப்பா உன்னிடம் பேசியதைக் கேட்டேன், நீ சொன்னதையும் அவரே திருப்பிச் சொன்னார், ஆறுதல் கிடைத்த முகத்தோடு. 'குழந்தைங்க போட்டிதானேப்பா, விடுங்க, அடுத்த தடவை நான் சரியா செக் பண்றேன்' என்றாயாமே. பெரிசாத், நீ எப்படி அந்த ஊருக்குப் போனாய்? பதினாறு வயதில் ஒரு ஒலிம்பியாட் தாளில் உன் மதிப்பெண்ணைத் தப்பாகக் கூட்டியிருந்தார்கள், நான் போய் அலுவலகத்தில் நின்று எண்ணச் சொன்னேன், எண்ணினார்கள். அன்று அந்த அலுவலர் என்ன சொன்னார் தெரியுமா, 'விடுங்க எஜே, குழந்தைங்க போட்டிதானே.' இதே சொல். நான் விட்டிருந்தால் நீ இங்கே என் ஆய்வுக்கூடத்தில் புட்டி கழுவிக்கொண்டிருப்பாய். அதை உனக்குச் சொல்லிக்காட்டக் கூடாது என்று எட்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், நீ அந்தச் சொல்லைச் சொல்லி என் வாயைத் திறந்துவிட்டாய்.

நாளை பட்டியல் கல்வி அலுவலகத்திலிருந்து பிஷ்கேக்குக்குப் போகிறது. சனிக்கிழமை குழந்தைகளின் பேருந்து. காலை ஒன்பது மணிக்கு நான் பலகையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போகப்போகிறேன். புதிர் செய்தவரின் ஒப்புதல் இல்லாமல் என் பேச்சை அங்கே எவ்வளவு தூரம் கேட்பார்கள் என்று தெரியாது. இன்று மாலை உன் அப்பாவிடம், 'நாளைக்குப் போகிறேன்' என்று மட்டும் சொன்னேன். அவர் செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டார். பெக்தூரை நினைத்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, நல்ல பையன், என்னைப் பார்த்தால் இன்னும் எழுந்து நிற்கிறான். நாளைக்கு நிற்பானோ என்னவோ.

உனக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்த இருமலுக்கு டிசம்பரில் ஒரு டாக்டர் தூசி ஒவ்வாமை என்றார், நீயும் விடை கிடைத்துவிட்டது என்று எழுந்து வந்துவிட்டாய். இப்போது மார்ச் முடிகிறது. ஒரு காரணம் கிடைத்ததால் வேறு காரணம் இல்லை என்று ஆகாது. இன்னொரு டாக்டரைப் பார், நெஞ்சுப் படம் எடு, எடுத்ததை எனக்கு எழுது. சாக்ஸைப் பெட்டியில் வைக்காமல் காலில் போடு. என் கோபம் உன் மேல் இருக்கிறது, ஆனால் உன் சாப்பாட்டின் மேலும் தூக்கத்தின் மேலும் இல்லை. உன் பாதை வெண்மையாக இருக்கட்டும், உன் வாசலில் நல்லவர்களே நிற்கட்டும், தப்புச் செய்தால் அதைச் சொல்கிற தைரியமும் உனக்கு வரட்டும். மறக்காமல் நெஞ்சுப் படம்.

உன் அம்மா,
அனார்குல்

வியாழக்கிழமை, மார்ச் 30

பொட்டலத்தை இன்னும் ஒட்டவில்லை, அதனால் நடந்ததை மட்டும் எழுதிச் சேர்க்கிறேன்.

காலை ஏழு மணிக்கு உன் அப்பா தேநீர் குடிக்காமல் கிளம்பிப் போனார். சபீரா வீட்டுக்கு என்று நினைத்தேன். பலகையைத் தேடினேன், இல்லை. நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்குப் போனபோது, அவர் கல்வி அலுவலகத்தில் பட்டியல் தட்டச்சு செய்யும் கலிச்சாவின் மேசைமேல் பலகையை விரித்து வைத்து நின்றுகொண்டிருந்தார். எட்டு மணியிலிருந்து வாசலில் நின்றாராம். கலிச்சா, 'அகாய், லிஸ்ட்டு டைப் ஆயிடுச்சு, சீலும் போட்டாச்சு. ரெண்டு விடை இருந்தா குழந்தைங்களுக்கு நல்லதுதானே, எதுக்கு இவ்வளவு வருத்தப்படறீங்க?' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உன் அப்பா, 'என் புதிர் பழுது. எழுதித் தர்றேன், சீலை மறுபடி போடுங்க' என்றார். என்னைப் பார்த்தார். எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'கடைசியாகச் சேர்த்த காய்க்குப் பிறகு சோதிக்கப்படவில்லை' என்று எழுதினார். பேனாவை வாங்கி அதன் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். பதினோரு மணிக்குப் புதுப் பட்டியல் தயாரானது. சிர்கா முதலிடம், வங்கிக்காரர் மகன் இரண்டாமிடம். பெக்தூர் இல்லை. சபீராவுக்குத் தானே சொல்வதாகச் சொல்லி உன் அப்பா அங்கிருந்தே நடந்து போனார்.

அக்-பெல்லில் அந்த வீட்டில் போன் கிடையாது. ஆய்வுக்கூடத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வேன் ஏறிப் போனேன், இரண்டு மணி நேரம். குட்டி போடும் பருவம், சிர்கா கொட்டகையில் ஒரு ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துப் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, தேநீர் போட உள்ளே போனாள், வெகுநேரம் வெளியே வரவில்லை. சிர்கா, 'அப்போ ரெண்டுமே சரியா எஜே?' என்று கேட்டாள். இரண்டுமே சரி, இரண்டாவது ஒன்று இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

'யானை எனக்கு முதல்லயே தெரிஞ்சுது எஜே. ஆனா தாள்ல ஒரு விடை எழுதத்தான் இடம் விட்டிருந்தாங்க. நல்ல புதிர்ல சும்மா நிக்கிற காயே இருக்காதுன்னு அகாய் பேப்பர்ல எழுதுவாருல்ல? யானைன்னு எழுதினா குதிரையும் அந்தச் சிப்பாயும் சும்மா நிக்கிதுங்க. அகாய் அப்படி வெக்க மாட்டாருன்னுதான் குதிரைய எழுதினேன்.'

ஏழு மணிக்கு வீடு திரும்பினேன். உன் அப்பா சபீரா வீட்டிலிருந்து வந்து இருட்டில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். சிர்கா என்ன சொன்னாள் என்று கேட்டார். சனிக்கிழமை பேருந்துக்கு வருகிறாள் என்றேன். யானை தெரிந்தும் குதிரையை ஏன் எழுதினாள் என்பதை இன்னும் சொல்லவில்லை.